சிகாகோ விலையும் பேரையூர்க் களமும்

வாசகர் கேள்வி – பதில்: விளைபொருள் சந்தை

மதுரைச் சீமையின் மேற்கே கரிசலில் மக்காச்சோளம் கருது ஒடிக்கும் காலம் இது. கோதுமை, மக்காச்சோளம் இரண்டின் விலையையும் வெளிநாட்டுச் சந்தை எப்படி அசைக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

"வெளிநாட்டில் மக்காச்சோளம் விலை ஏறிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மறுநாள் கமிஷன் கடையில் கேட்டால் பழைய விலைதான். வியாபாரிகள் மறைக்கிறார்களா?"
– வாசகர், பேரையூர்

சில இடங்களில் மறைப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் அது இல்லை. உலக விலை நம் களத்துக்கு நேராக வந்து சேர்வதில்லை. நம் விலைக்குக் கீழே ஒரு தரையும் மேலே ஒரு கூரையும் போட்டுவிட்டு அது நின்றுகொள்கிறது. இந்த இரண்டையும் நீங்களே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால், யார் சொல்லும் விலையையும் எடைபோட முடியும்.

முதலில் தரை. நம் சரக்கைக் கப்பலேற்றினால் என்ன தேறும் என்பதுதான் அது. கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் அன்றைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வியட்நாம் துறைமுகத்தில் இறக்கிய விலை டன்னுக்கு 260 டாலர். கப்பல் வாடகை 40 டாலர் போனால் தூத்துக்குடியில் 220 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் டன்னுக்கு 18,700, அதாவது குவிண்டாலுக்கு 1,870 ரூபாய். இதில் துறைமுகக் கூலி, சாக்கு, பூச்சி கொல்லப் போடும் புகைமூட்டம், காகிதச் செலவு எல்லாமாக 80. பேரையூரிலிருந்து லாரி வாடகை 90. ஏற்றுமதியாளருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் 60. மீதி 1,640. உள்ளூரில் யாருமே வாங்காவிட்டாலும் இந்த விலைக்குக் கப்பல் இருக்கிறது. விலை இதற்கும் கீழே போனால் ஏற்றுமதியாளர்கள் தாமாகவே வந்து அள்ளுவார்கள்.

இனிக் கூரை. நாமக்கல் தீவன ஆலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன விலை விழும் என்பது அது. நம் துறைமுகம் வந்து சேர 240 டாலர் என்று வையுங்கள். டன்னுக்கு 20,400 ரூபாய். மக்காச்சோளத்துக்கு இயல்பான இறக்குமதி வரி 50 சதவீதம். அதைச் சேர்த்தால் 30,600. குவிண்டால் கணக்கில் 3,060, துறைமுகச் செலவும் லாரியும் 180, ஆக 3,240. உள்ளூர் விலை இதைத் தாண்டினால்தான் இறக்குமதி கட்டுபடியாகும்.

1,640-க்கும் 3,240-க்கும் நடுவே 1,600 ரூபாய் இடைவெளி. உலகத் தானிய விலைக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் பத்து சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் தரையும் கூரையும்தான் கொஞ்சம் நகரும். நடுவில் நிற்கும் நம் விலையைத் தீர்மானிப்பது கர்நாடக வரத்து, கோழிப்பண்ணைகளின் தேவை, ஸ்டார்ச் ஆலை, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை எடுக்கும் ஆலை. செய்தி வந்த மறுநாள் கமிஷன் கடை விலை அசையாததற்குக் காரணம் இதுதான். உள்ளூர் விலை தரையை ஒட்டி நிற்கும் காலத்தில் மட்டும் வெளிநாட்டு ஏற்றம் ஓரிரு வாரத்தில் இங்கே தெரியும்.

சிகாகோவைவிட நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது டெல்லியின் அறிவிக்கைகளை. 2024 ஜூனில் ஏறத்தாழ 5 லட்சம் டன் மக்காச்சோளத்தை 15 சதவீத வரியில் கொண்டுவர மத்திய அரசு அனுமதித்தது. 2020-லும் இதேபோல் 5 லட்சம் டன்னுக்கு அனுமதி தந்தது. மேலே போட்ட கூரைக் கணக்கில் 50-க்குப் பதில் 15 சதவீதம் போட்டுப் பாருங்கள்: 2,346, செலவு 180, ஆக 2,526. ஒரு காகிதம் கூரையை 714 ரூபாய் இறக்கிவிடுகிறது. அளவு குறைவுதானே என்று ஆறுதல்பட முடியாது. கப்பல் வருகிறது என்ற சேதியே ஆலைகளின் கொள்முதலை நிதானமாக்கிவிடும். கையில் சரக்கோடு நிற்கும் விவசாயிக்கு அந்த இரண்டு மூன்று வாரம்தான் எல்லாம்.

ரூபாய் மதிப்பையும் மறக்க வேண்டாம். டாலர் 85-லிருந்து 90 ஆனால், வேறெதுவும் மாறாமலே நம் தரை 110 ரூபாய் உயர்ந்து 1,750 ஆகிறது.

"சிகாகோ விலையை 'சென்ட், புஷல்' என்று போடுகிறார்கள். குவிண்டாலுக்கு எப்படி மாற்றுவது?"
– வாசகர், திருமங்கலம்

புஷல் என்பது படி, மரக்கால் போல முகத்தல் அளவு. ஆகவே தானியத்துக்குத் தானியம் எடை மாறும். மக்காச்சோளம் ஒரு புஷல் 25.4 கிலோ, கோதுமை 27.2 கிலோ. சென்ட் விலையை மக்காச்சோளத்துக்கு 0.3937 ஆலும், கோதுமைக்கு 0.3674 ஆலும் பெருக்கினால் டன்னுக்கு டாலர் வரும். அதை ரூபாய் மதிப்பால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் குவிண்டால் விலை. மக்காச்சோளம் 450 சென்ட் என்றால் 177 டாலர். டாலர் 85 ரூபாயானால் குவிண்டால் சுமார் 1,506 ரூபாய். கோதுமை 550 சென்ட் என்றால் 202 டாலர், குவிண்டால் சுமார் 1,718.

இது அமெரிக்க உள்நாட்டு முன்பேர விலை, அதாவது பின்னால் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே பேசி வைக்கும் விலை. அங்கே துறைமுகம் வரை கொண்டுவரும் செலவு, கப்பல் வாடகை எதுவும் இதில் சேராது. இதை நம் களத்து விலையோடு நேராக ஒப்பிட்டுச் சண்டை போடக் கூடாது. போக்கைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் பத்தாம் தேதியை ஒட்டி உலக விளைச்சல், கையிருப்பு மதிப்பீட்டை வெளியிடுகிறது. சிகாகோவில் பெரிய ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அன்றுதான்.

"உக்ரைனில் சண்டை நடந்தால் மதுரையில் மைதாவும் ஆட்டாவும் ஏன் ஏறுகின்றன? நம் நாட்டில்தான் கோதுமை வேண்டிய மட்டும் விளைகிறதே! அந்த ஏற்றம் விளைவித்தவருக்காவது போய்ச் சேர்ந்ததா?"
– மாவு மில் நடத்தும் வாசகர், மதுரை

2022-இல் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கு மேல் வைத்திருந்தன. பிப்ரவரி 24-இல் போர் தொடங்கியது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. மார்ச் முதல் பாதியில் சிகாகோ கோதுமை புஷலுக்கு 13 டாலரைத் தாண்டியது. அன்றைய ரூபாய் மதிப்பில் குவிண்டால் ஏறக்குறைய 3,600. அந்தப் பருவத்துக்கு இங்கே அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை 2,015. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எந்த வியாபாரி சும்மா இருப்பார்? மத்தியப் பிரதேசம், பஞ்சாப் மண்டிகளில் தனியார் ஆதார விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அதே மார்ச்சில் அடித்த கடும் வெயில் மணியைச் சுருக்கி விளைச்சலையும் குறைத்தது. முந்தைய பருவத்தில் சுமார் 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு அந்த ஆண்டு 188 லட்சம் டன் அளவில்தான் கிடைத்தது.

மே 13 அன்று மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் ஆட்டா, மைதா, ரவை ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2023 ஜனவரியில் அரசுக் கிடங்கிலிருந்து 30 லட்சம் டன்னைத் திறந்த சந்தையில் விற்பதாக அறிவித்தார்கள். ஜூனில் வியாபாரிகளுக்கும் ஆலைகளுக்கும் இருப்பு வரம்பு போட்டார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவரைக் காக்க இவை தேவைப்பட்டன என்று அரசு சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: உலக விலை ஏறியபோது விவசாயிக்குக் கிடைத்தது அறுவடையை ஒட்டிய சில வாரங்கள் மட்டும். அதற்குள் விற்றவர் லாபம் பார்த்தார், இன்னும் ஏறட்டும் என்று வைத்திருந்தவர் தடையில் மாட்டினார். விலை விழும்போது இதே வேகத்தில் கை கொடுக்க எந்த அறிவிக்கையும் வருவதில்லை. இந்தச் சாய்மானம் விளைவிக்கிறவருக்கு எதிரானது என்பதே எங்கள் கருத்து.

மதுரைக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. வடக்கேயிருந்து ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வந்து சேரும் கோதுமையைவிட ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வருவது தென் மாநில ஆலைகளுக்குச் சில ஆண்டுகளில் மலிவாக விழுந்தது. 2016 டிசம்பரில் இறக்குமதி வரி அறவே இல்லை. அந்தப் பருவத்தில் ஆலைகள் தாராளமாக வாங்கின. 2017 மார்ச்சில் 10 சதவீதம், பிறகு 20, 30 என்று ஏறி 2019 ஏப்ரலில் 40 சதவீதம் ஆனது. 40-இல் கப்பல் கோதுமை கட்டுபடியாகாது. கடல் வழி அடைபட்டதால் உங்கள் மில்லுக்கு வடக்கத்தி விலையும் ரயில் வாடகையும்தான் கதி. வரி குறையும் என்ற பேச்சு எழுந்தாலே கோதுமை மொத்த விலை தளர்வதும் அதனால்தான். பெரிய கொள்முதலை அந்த நேரத்தில் தள்ளிப்போடுவது உங்களுக்கு நல்லது.

"அப்படியானால் நாமே கோதுமை போட்டால் என்ன? மேலூர்ப் பக்கம் வருமா?"
– வாசகர், மேலூர்

வேண்டாம். மணி பிடிக்கும் காலத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் கோதுமை மணி சூம்பிவிடும். நம் பக்கம் மாசியிலேயே அதைவிடச் சுடும். தமிழ்நாட்டில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் நீலகிரியில் வெலிங்டனில் இருப்பதற்கும் அந்தக் குளிர்தான் காரணம். வீட்டுத் தேவைக்குச் சம்பா கோதுமை கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், சந்தைக்கு ஆகாது.

"ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது நியாயம்? ஏற்றுமதிக்கும் தீவன ஆலைக்கும் ஒரே தரம்தானா?"
– வாசகி, டி.கல்லுப்பட்டி

இரண்டு இடத்திலும் வழக்கமாகக் கேட்கும் ஈரப்பத எல்லை 14 சதவீதம். நியாயமான கழிவுக்குச் சின்னக் கணக்கு உண்டு. 100-லிருந்து உங்கள் சரக்கின் ஈரப்பதத்தைக் கழியுங்கள்; வருவதை 86 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 18 சதவீத ஈரம் என்றால் 82-ஐ 86 ஆல் வகுக்க, 100 கிலோ 95.35 கிலோவாகக் கணக்காகும். கழிவு 4.65 கிலோ. 16 சதவீதமானால் 2.33 கிலோ, 20 சதவீதமானால் 7 கிலோ. இதற்கு மேல் காயவைக்கும் கூலி என்று தனியாக ஒரு தொகை கேட்டால் பேசிக்கொள்ளலாம். 18 சதவீதச் சரக்குக்கு எட்டு கிலோ கழித்தால் அது அநியாயம்.

மீட்டர் யாருடையது என்பதும் முக்கியம். மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டும் எடுத்தால் காய்ந்த மணி வரும், அடியிலிருந்து மட்டும் எடுத்தால் ஈர மணி வரும். குத்தூசியால் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்து சுடும் தானியத்தை அப்படியே மீட்டரில் போட்டால் அளவு தப்பும். நிழலில் அரைமணி ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது ஒரே பருவத்தில் ஈடாகிவிடும்.

மார்கழி, தை மாதத்துப் பனிதான் நம் பக்கத்தில் பெரிய எதிரி. ஒடித்த கருதை வயலிலேயே அம்பாரமாகக் குவித்து, மழைக்குப் பயந்து தார்ப்பாயால் இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே வேர்த்து, சூடேறி, இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உருவாவது இங்கேதான். ஏற்றுமதி ஒப்பந்தங்களில் வழக்கமான எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு இது. பின்னால் காயவைத்தாலும் போகாது. கோழிக்கு ஈரலைக் கெடுக்கும் என்பதால் தீவன ஆலைகளும் சோதிக்கின்றன. ஈரத்துக்கு விலை குறைப்பார்கள். நஞ்சு இருந்தால் லோடையே திருப்பிவிடுவார்கள், லாரி வாடகையும் உங்கள் தலையில்.

கருதை மூடும்போது தார்ப்பாய்க்கும் குவியலுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். உமி கறுத்த கருதை, புழு தின்ற நுனியை அடிக்கும் முன்பே தனியாகப் பொறுக்குங்கள். படைப்புழு துளைத்த கருதில்தான் பூஞ்சணம் முதலில் இறங்கும். அடிக்கும் மெஷினை வேகமாக ஓட்டினால் மணி உடையும்; உடைந்த மணி பூஞ்சணத்துக்குத் திறந்த வாசல். அடித்த மணியைக் களத்தில் இரண்டு விரல்கடைக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிட்டு, பனி இறங்கும் முன் கூட்டி மூட வேண்டும். தார்ச்சாலையில் காயவைத்தால் கல்லும் மண்ணும் கலக்கும், வண்டிச் சக்கரம் மணியை நொறுக்கும். இரண்டும் விலையைத் தின்னும்.

"வியட்நாமுக்குப் போகிறது என்று ஒரு வருடம் நல்ல விலை கிடைத்தது. பிறகு அந்த ஆட்களையே காணோம். ஏன்?"
– வாசகர், உசிலம்பட்டி

2022-23இல் இந்தியா சுமார் 34 லட்சம் டன் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்தது. அடுத்த ஆண்டே அது பாதிக்கும் கீழே போனது. பிரேசில், அர்ஜென்டினா விளைச்சல் வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். நமக்குள்ள சாதகம் பக்கம் என்பதும் சின்னச் சின்ன லோடாகக் கண்டெய்னரில் அனுப்ப முடியும் என்பதும்தான். பிரேசிலிலிருந்து வருவது பெருங்கப்பல் சரக்கு; வழியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த வித்தியாசத்துக்காக வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாகத் தருவார், நிறையத் தரமாட்டார்.

பெரிய காரணம் உள்நாட்டிலேயே விலை ஏறியது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் திரும்பின. ஒரு குவிண்டாலில் சுமார் 38 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் கொடுத்தன. ஆக 2,730 ரூபாய், கூடவே மிஞ்சும் சக்கையைத் தீவனமாக விற்கலாம். இந்த வருமானம் பார்க்கும் ஆலை, வியட்நாம் ஏற்றுமதியாளர் தரும் 1,640-க்குச் சரக்கை விடுமா? கர்நாடகச் சரக்கு அந்தப் பக்கம் இழுபட, நாமக்கல் ஆலைகள் நம் பக்கம் கூடுதல் விலை கொடுத்தன. நீங்கள் வியட்நாம் ஆட்களைத் தேட வேண்டிய அவசியமே அப்போது இல்லை.

இந்த எத்தனால் தூணும் நிலையானது இல்லை. 2025 ஜனவரியில் அரசுக் கிடங்கு அரிசியை எத்தனாலுக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குத் தர முடிவு செய்தார்கள். அரிசியில் குவிண்டாலுக்கு எத்தனால் கூடுதலாகவே வரும். ஆகவே மக்காச்சோளத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஆலைகள் யோசித்தன. ஆலையில் எஞ்சும் சக்கை மலிவாகத் தீவனத்துக்கு வருவதும் மக்காச்சோளத் தேவையை ஓரளவு தின்கிறது. 2025-26க்கு ஆதார விலை 2,400 ரூபாய் என்று அறிவித்திருந்தாலும், நெல்லுக்கு உள்ளதுபோல் கொள்முதல் நிலையம் ஊருக்கு ஊர் இல்லாதபோது தனியார் கொடுப்பதுதான் விலை.

"தையில் விற்பதா, சித்திரை வரை வைப்பதா?"
– வாசகர், சேடப்பட்டி

கடன் எங்கே வாங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. இன்று 2,200 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் மூன்று மாத வட்டி 132, எடைக்குறைவு ஒரு சதவீதம் 22, சாக்கும் கூலியும் 30. 2,384-க்கு மேல் போனால்தான் வைத்ததற்குப் பலன். திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் எடுத்து, அதைக் கொண்டு வெளிக் கடனை அடைத்தால் நிலைமை வேறு. மதிப்பில் 75 சதவீதம், 5 சதவீத வட்டி என்று கணக்கிட்டால் மூன்று மாதத்துக்கு 21 ரூபாய்தான், 2,273 போதும். வரம்பும் வட்டியும் அவ்வப்போது மாறும், கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரை வரை என்பது நல்ல தேர்வல்ல. பீகாரின் கோடை வரத்து ஏப்ரல், மே மாதங்களில் குவியும். பங்குனி பாதிக்குள் விற்றுவிடப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்காமல் கடனுக்குத் தக்க பங்கை முதலில் விற்று, மீதியை இரண்டு தவணையாக விடுவது பாதுகாப்பு. ஈரம் 13-க்கு மேல் இருந்தால் எதையும் இருப்பு வைக்காதீர்கள்.

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நேராகத் தூத்துக்குடி வழியே ஏற்றுமதி செய்ய முடியுமா?"
– வாசகர், திருச்சுழி

முடியும். ஆனால் முதல் ஆண்டே சொந்தப் பெயரில் இறங்க வேண்டாம். 20 அடிக் கண்டெய்னர் ஒன்றுக்குச் சுமார் 25 டன், அதாவது 50 கிலோ மூட்டை 500 பிடிக்கும். மானாவாரியில் ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் பன்னிரண்டரை ஏக்கர் சரக்கு. வாங்குகிறவர் ஒரு கண்டெய்னரோடு நிற்கமாட்டார், குறைந்தது பத்துக் கேட்பார். பத்துக் கண்டெய்னரும் ஒரே நிறம், ஒரே ஈரம், ஒரே சுத்தமாக இருக்க வேண்டும். பல களத்துச் சரக்கைச் சல்லடை போட்டுக் கலக்கும் வசதி இல்லாத நிறுவனங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

தேவைப்படும் காகிதங்கள்: ஏற்றுமதி – இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா (மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு, தாவர நலச் சான்று, புகைமூட்டச் சான்று, ஆய்வகத்தின் அஃப்லடாக்சின் அறிக்கை. சோதனைக்கு மாதிரி அனுப்புவதைச் சரக்கு களத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். துறைமுகத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அறிக்கைக்குக் காத்திருந்தால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

முதல் பருவத்தில் தூத்துக்குடியில் உள்ள ஏற்றுமதியாளர் ஒருவருக்குத் துறைமுகம் சேர்ப்பு விலைக்குக் கொடுத்துப் பழகுங்கள். களத்து விலையைவிட லாரி வாடகை போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு சொந்தமாக அனுப்பினால், வாங்குகிறவரின் வங்கி திறந்த கடன் உறுதிக் கடிதம் (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அந்த வங்கி கொடுக்கும் உறுதி) உங்கள் வங்கிக்கு வந்து, அதில் உள்ள ஈரப்பத எல்லை, கப்பலேற்றும் கடைசித் தேதி இரண்டையும் மேலாளரோடு உட்கார்ந்து படித்த பிறகே உறுப்பினர்களிடம் சரக்கு எடுக்கத் தொடங்குங்கள்.